தோட்டா வாங்குவோரின் பின்னணி: ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்தால் போதுமா?

புதுடெல்லி: துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய்வதைப் போலவே, தோட்டா வாங்குவோரின் பின்னணியையும் ஒவ்வொரு முறையும் ஆராய வேண்டுமா? அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றுள்ள இந்த விவாதம், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கும் அந்நியமானதல்ல.

சித்தூர் மாநகராட்சி அலுவலகத்திற்குள்ளேயே மேயர் கட்டாரி அனுராதா 2015 நவம்பர் 17ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே தாக்குதலில் படுகாயமடைந்த அவரது கணவர் மோகனும் உயிரிழந்தார். இவ்வழக்கில் ஐந்து பேருக்கு சித்தூர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் மரண தண்டனை விதித்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. ஆனால், துப்பாக்கியும் தோட்டாவும் யார் கைக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்ற பொதுவான கேள்விக்கு ஒரு தீர்ப்பு மட்டும் விடையாகிவிடாது.

சட்டம் சொல்வது என்ன?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியையும் தோட்டாவையும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுக்குமே உரிமம் தேவை. உரிமம் வழங்கும் முன் காவல் நிலையத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும். 21 வயது நிரம்பாதோர், வன்முறைக் குற்றத்தில் சிறைத் தண்டனை பெற்று விடுதலையாகி ஐந்தாண்டு கடக்காதோர் ஆகியோர் ஆயுதம் வைத்திருக்கத் தடை உள்ளது. வாங்குபவருக்குத் தகுதி உண்டா என்பதை உறுதி செய்யாமல் தோட்டாவை ஒப்படைப்பது 29ஆவது பிரிவின் கீழ் குற்றமாகும்.

எனினும், விற்பனையாளர் பார்ப்பது உரிமத்தை மட்டுமே. உரிமம் பெற்ற பின் ஒருவர் மீது பதிவான வழக்கு அந்த ஆவணத்தில் தெரியாது. உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 17ஆவது பிரிவில் இடமிருந்தும், அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கும் வரை தோட்டா விற்பனைக்குத் தடையில்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடைவெளியை நீட்டித்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. மசோதாவில் ஒன்றே போதும் என்றிருந்தது, எதிர்ப்புக்குப் பின் தளர்த்தப்பட்டது குறிப்பிடத்தக்கது. அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியது. அதாவது, புதுப்பிக்கும் வேளையில் நடைபெறும் மறு ஆய்வு இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போயிற்று.

எல்லைக் கிராமங்கள்

பலமநேர், குப்பம் பகுதிகளில் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய விவசாயிகளுக்கு யானையும் காட்டுப்பன்றியும் தீராத தொல்லை. பயிர்ப் பாதுகாப்பிற்காக, மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க சட்டம் வழி செய்துள்ளது. ஆனால், உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர் தோட்டாக் கடைக்கே வருவதில்லை. கரிமருந்தும் ஈயக் குண்டும் அவருக்குப் போதும். கடையில் எத்தனை சோதனை நடத்தினாலும் அவர் சிக்கப் போவதில்லை. மேலும், 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமான பின், உரிமம் வழங்கும் அதிகாரம் இரு ஆட்சியர்களிடம் பிரிந்துள்ளது.

கலிபோர்னியாவில் 2016ஆம் ஆண்டு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்து, 2019 ஜூலை முதல் ஒவ்வொரு தோட்டா விற்பனையின்போதும் பின்னணிச் சோதனை கட்டாயமானது. ஆயுதம் ஏந்தும் உரிமைக்கு இது முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அத்தகைய தடை இல்லை. அமெரிக்காவைப் போல இங்கு ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமையல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியுள்ளது.

உரிமதாரர்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் தேசியத் தகவல் தொகுப்பும் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காவல் துறைப் பதிவேடுகளுடனும் தோட்டாக் கடைகளுடனும் இணைத்தால், ஒவ்வொரு விற்பனையிலும் சோதனை சாத்தியமே. அத்துடன் கரிமருந்தின் புழக்கத்தையும் கண்காணித்தாக வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்றது பயனற்றுப் போகும்.