தலசீமியா: பெற்றோர் நலமாக இருப்பது எப்படி?

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லையே டாக்டர், குழந்தைக்கு மட்டும் எப்படி?” தலசீமியா மேஜர் என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். பெற்றவர்களுக்கோ அசதிகூட இல்லை. இதற்கான விடையில் ஒரு பங்கு, பழுதான செய்தியை நம் செல்கள் கண்டுபிடித்து அழிக்கும் விதத்தில் இருக்கிறது.

ஓர் எழுத்து மாறினால்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அதைக் கட்டுவதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுவருவது எம்.ஆர்.என்.ஏ. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ‘நிறுத்து’ என்ற குறியீடு வரும்வரை சங்கிலியைக் கோத்துக்கொண்டே போகும்.

இத்தாலியின் சார்டினியா தீவில், இந்தச் சங்கிலி போதாமல் வரும் பீட்டா தலசீமியாவுக்குப் பெரும்பாலும் ஒரே பிழைதான் காரணம். 39ஆவது குறியீடு சி.ஏ.ஜி. என்று இருக்க வேண்டும். முதல் எழுத்து மாறி யு.ஏ.ஜி. ஆகிவிடுகிறது. யு.ஏ.ஜி. என்றால் நிறுத்து. சங்கிலி 38 அமினோ அமிலங்களோடு அறுந்துபோகும்.

செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

நிறுத்தக் குறியீடு எல்லாச் செய்தியிலும் உண்டு. அது உரிய இடத்தில் வந்ததா, முந்திக்கொண்டு வந்ததா என்பதுதான் கேள்வி. செல் அதை அறியும் வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

உட்கருவில் எம்.ஆர்.என்.ஏ. தயாராகும்போது வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, மற்றவை ஒட்டப்படுகின்றன. ஒவ்வோர் ஒட்டுக்கும் 20 முதல் 24 எழுத்துகள் முன்னால், தையற்காரர் போடும் சாக்பீஸ் குறி போல, ஒரு புரதத் தொகுதி உட்கார்ந்துகொள்ளும். முதன்முறை படித்துச் செல்லும் ரைபோசோம் இந்தக் குறிகளைத் தட்டி உதிர்த்துவிடும். பீட்டா சங்கிலிச் செய்தியின் கடைசி ஒட்டு 104ஆவது குறியீட்டின் அருகில் இருக்கிறது. 39இலேயே நின்றுவிட்ட ரைபோசோம் அங்கே போய்ச் சேராது. குறி உதிராமல் நிற்கும். நின்ற ரைபோசோமுக்கு அப்பால் குறி மிச்சம் இருந்தால் பிழை என்று பொருள். யு.பி.எஃப்.1 என்ற புரதம் தூண்டப்பட்டு, எஸ்.எம்.ஜி.6 போன்ற நொதிகள் வந்து செய்தியை வெட்டுகின்றன. மிஞ்சிய துண்டுகளும் சிதைக்கப்படுகின்றன. தலசீமியா நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை செல்களில் பீட்டா சங்கிலிச் செய்தி விரைவில் சிதைவதை லின் மக்வாட்டும் சக ஆய்வாளர்களும் 1981இல் காட்டினார்கள்.

அழிக்காவிட்டால்?

121ஆவது குறியீட்டில் இதே போன்ற பிழை வருபவர்கள் உண்டு. அது கடைசி ஒட்டைத் தாண்டிய இடம். குறிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டதால் செல் ஏமாந்துபோகிறது. அரைகுறைச் சங்கிலி உற்பத்தியாகி, வளரும் சிவப்பணுவுக்குள் கட்டியாகச் சேர்ந்து அதைக் கெடுக்கிறது. இரண்டு மரபணுவில் ஒன்று பழுதானாலே ரத்தசோகை வந்துவிடும்.

ஒரு மரபணுவில் மட்டும் 39ஆவது குறியீட்டுப் பிழை உள்ளவருக்கு அந்த ஆபத்து இல்லை. கெட்ட செய்தி அழிந்துவிடும். நல்ல மரபணு வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவர் நலமாக இருக்கிறார். நலமாக இருப்பதாலேயே தாம் கேரியர், அதாவது பழுதான ஒரு மரபணுவைச் சுமப்பவர், என்பது அவருக்குத் தெரிவதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் அதிகம் காணப்படுவது வேறு வகைப் பிழை. வெட்டி ஒட்டும் இடத்தில் நேர்வது. ஆனால் இங்கும் கேரியர்கள் நலமாகவே இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால், இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்து முடித்துவிடுவதும் நடக்கிறது. ஹெச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். சார்டினியாவில் 1970களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தால், 250 பிறப்புக்கு ஒன்று என்றிருந்த நோய் சுமார் 4,000க்கு ஒன்றாகக் குறைந்தது.

தம்பதி இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும், இருவரின் பழுதான மரபணுக்களும் சேர்ந்து குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணப்பவர்களுக்கு ஒரே பிழை இரு பக்கமும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். திருமணத்துக்கு முன்பு, தவறினால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பாவது, இருவரும் ஹெச்.பி.ஏ.2 பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.