உளவு மென்பொருளை வெளியேற்றும் வரிசை

கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து, அவர் தட்டும் எழுத்துகளையும் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் வெளியாருக்கு அனுப்பும் நிரலே உளவு மென்பொருள். சாதாரண வைரஸ் தாக்கினால் கணினி தகராறு செய்யும், ஆள் உஷாராகிவிடுவார். உளவு மென்பொருள் புகுந்த கணினியோ பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். அது ஓடினால்தான் உளவுக்கு வேலை. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பதும் முழுதாக நீக்குவதும் கடினம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் கூடங்குளம். அங்குள்ள அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீங்கு நிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து முற்றிலும் தனியானது என்றும் விளக்கியது. வெளியான தடயங்களை ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள் அதை ‘டிட்ராக்’ வகையாக அடையாளம் கண்டனர். விசைத்தட்டல்களைப் பதிவு செய்வதும், பிரவுசர் வரலாற்றையும் கோப்புப் பட்டியலையும் திரட்டுவதும் அதன் தொழில்.

வீட்டுக்குள் எப்படி வருகிறது?

ஓசூரில் இந்த ஆபத்து வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் உள்ள இந்த ஊரில் ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். பலருக்குத் தனி அலுவலகம் கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டரே அலுவலகம். டேலி கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டிப் போகும் சரக்குக்கு இ-வே பில், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் டிராயிங், நெட்பேங்கிங் எல்லாம் அதில்தான். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கேம் இறக்குவதும் அதே கம்ப்யூட்டரில்தான்.

நுழைவழிகள் மூன்று. முதலாவது, கிராக் செய்த மென்பொருள். காசு கொடுத்து வாங்க முடியாத வரைபட மென்பொருளை இலவசமாகத் தரும் தொகுப்புகளில் ஒரு குறிப்பு தவறாமல் இருக்கும்: “இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்.” திருடன் வருவதற்கு முன் வீட்டுக்காரரே கதவைத் திறந்து வைக்கிற கதை அது. இரண்டாவது, பென் டிரைவ். ஜெராக்ஸ் கடைக்கோ சிஎன்சி மெஷினுக்கோ போய்த் திரும்பிய பென் டிரைவைச் செருகினால், ஃபோல்டர்களின் ஐகானில் சிறு அம்புக்குறி தெரியும். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கிறது ‘புழு’ எனப்படும், தானே பரவும் நிரல். கிளிக் செய்தால் ஃபோல்டர் திறக்கும். கூடவே புழுவும் ஓடத் தொடங்கும். மூன்றாவது, பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் என்ற பெயரில் மெயிலில் வரும் இணைப்பு.

ஒரு கருவி ஏன் போதாது?

2000-களின் தொடக்கத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் வைரஸிலேயே குறியாக இருந்தன. விளம்பர நிரல்களையும் உளவு நிரல்களையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த இடைவெளியில்தான் ‘ஆட்-அவேர்’, ‘ஸ்பைபாட்’ போன்ற தனிக் கருவிகள் பரவின. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும் என்பதால் இரண்டையும் ஓட்டும் பழக்கம் வந்தது. 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘ஜயன்ட்’ என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் கருவியை வளர்த்து ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ ஆக்கியது.

இன்றைய கருவிகள் பலவற்றையும் பிடிக்கும். ஆனாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கிடைக்கும் மாதிரிகள் வேறு, சந்தேகிக்கும் அளவுகோல் வேறு. கேட்காமல் ஒட்டிக்கொள்ளும் டூல்பாரை ஒன்று விஷம் என்று ஒதுக்கும், இன்னொன்று பொருட்படுத்தாது. எனவே இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

அதற்காக இரண்டு ஆன்டிவைரஸ்களை நிரந்தரமாகக் காவல் வைக்கக் கூடாது. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் ஒரே நேரத்தில் சோதிக்க முனைந்தால் கணினி திணறும். சில சமயம் உறைந்தும் போகும். அதனால்தான் வேறு ஆன்டிவைரஸ் ஏற்றியதும் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்கிறது. நிரந்தரக் காவலுக்கு ஒன்று மட்டும். மற்றவை கூப்பிட்டால் வந்து சோதித்துவிட்டுப் போகும் ஸ்கேனர்கள். கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதன் அடிப்படை இதுவே.

சுத்தம் செய்யும் வரிசை

முதலில் அந்தக் கணினியில் நெட்பேங்கிங்கை நிறுத்தி, இணையத்தைத் துண்டிக்க வேண்டும். டேலி தரவு, டிராயிங், புகைப்படம் ஆகியவற்றை வெளி டிரைவில் நகலெடுக்கலாம். இன்ஸ்டால் செய்யும் நிரல்களை நகலெடுக்கக் கூடாது. தேவையான கருவிகளை நோயில்லாத வேறொரு கணினியில், தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். “உங்கள் கணினியில் வைரஸ்” என்று திரையில் குதிக்கும் விளம்பரங்கள் தருபவை பெரும்பாலும் போலி. ‘வின்ஃபிக்ஸர்’ முதலிய போலிக் கருவிகளை விற்றவர்கள் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2008-ல் வழக்குத் தொடுத்தது. அவர்களிடம் ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

அடுத்து, அடையாளம் தெரியாத நிரல்களை அன்இன்ஸ்டால் செய்து, தற்காலிகக் கோப்புகளை அழித்தால் ஸ்கேன் சீக்கிரம் முடியும். பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே இது ஓடுவதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு ஒளிய நேரம் கிடைக்காது. ஏறக்குறைய 15 நிமிடத்தில் முடியும்.

அதன்பின் இணையத்தை இணைத்து, இரண்டாவது ஸ்கேனரை அப்டேட் செய்து ஓட்ட வேண்டும். ‘மால்வேர்பைட்ஸ்’ இலவசப் பதிப்பு இதற்குப் பொருந்தும். விளம்பர நிரலுக்கும் பிரவுசரைக் கைப்பற்றும் நிரலுக்கும் ‘ஆட்வ்கிளீனர்’. மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களின் நீக்கும் கருவிகளை அதன் தளத்தில் இலவசமாகப் பெறலாம். ஒன்று முடிந்து கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். பிடிபட்டதை உடனே அழிக்காமல் குவாரன்டைனில் வைப்பது நல்லது. நல்ல கோப்பு தவறாகச் சிக்கியிருந்தால் மீட்டுக்கொள்ளலாம்.

ஸ்கேனர் தவறவிட்டதைக் கண்ணால் தேடுவது கடைசிப் படி. பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளையும் நீக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தரும் ‘ஆட்டோரன்ஸ்’, கணினியோடு சேர்ந்து எழும் நிரல்களையெல்லாம் பட்டியலிடும். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் அதில் கண்ணில் படலாம். அது விண்டோஸுக்குச் சொந்தமான நிரல். இருக்க வேண்டிய இடம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ‘சிஸ்டம்32’. அதே பெயர் பயனரின் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரிலிருந்து ஓடினால், அது வேஷம் போட்டு வந்த ஆசாமி என்றே கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் தொல்லை திரும்பினால், விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே வழி. வங்கி வேலை நடக்கும் கணினியில் பாஸ்வேர்டு திருடும் நிரல் பிடிபட்டால், ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் புதிதாக ஏற்றிவிடுவதே பாதுகாப்பு.

சுத்தம் செய்த பிறகு

நிரல் போனாலும் அது ஏற்கெனவே அனுப்பிய தகவல் திரும்பி வராது. மெயில், வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை நோயில்லாத சாதனத்திலிருந்து மாற்ற வேண்டும். பல திருட்டு நிரல்கள் பிரவுசரின் குக்கீகளையும் எடுத்துப்போகும். அவற்றைக் கொண்டு பாஸ்வேர்டு இல்லாமலே கணக்கில் நுழைய முடியும். ஆகவே ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்த வேண்டும். பென் டிரைவ்களை ஸ்கேன் செய்யாவிட்டால் பழைய புழு மறுபடி ஏறும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதில் ஓடும் கணினிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வீடு ஓசூரில், வங்கிக் கிளை பெங்களூரில் என்றாலும் எண் ஒன்றே. எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்பக் கூடாது என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம். தவறு வாடிக்கையாளருடையதோ வங்கியுடையதோ அல்லாத மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை வகுத்தது. அதனால் கணினியைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை காத்திராமல், முதலில் வங்கிக்கும் 1930-க்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். வழக்குக்குத் தடயம் தேவைப்படலாம் என்பதால், போலீஸிடம் கேட்காமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றவும் கூடாது.