பதினாறு வயதில் கூரை ஏறலாமா?

அமெரிக்காவில் பதினாறு வயதுப் பள்ளி மாணவன் கட்டட வேலைக்காகக் கூரை மீது ஏறலாமா? கூடாது என்கிறது தொழிலாளர் சட்டம். அந்தச் சட்டத்தின் விதிகளே இன்னோர் இடத்தில், அவன் முறைப்படி தொழில் கற்கும் மாணவனாக இருந்தால் ஏறலாம் என்கின்றன. கூரையும் அதன் சரிவும் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். இடையில் இருப்பது ஓர் ஒப்பந்தத் தாள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் மின்பணிக்கும் தயார்ப்படுத்தும் அமெரிக்க ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள அந்தத் தாளிலிருந்து தொடங்குவதே சரி.

சிறார் உழைப்புக்கு வரம்பு கட்டியது 1938-இல் வந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம். இதன்படி 14, 15 வயதினருக்குக் கட்டுமானத் தளத்தில் வேலையே கிடையாது. கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம், அவ்வளவுதான். 16 வயதானால் தளத்துக்குள் வரலாம். ஆனால் தொழிலாளர் துறை 17 ஆணைகளில் ‘அபாயமான தொழில்கள்’ என்று பட்டியலிட்டவற்றை 18 வயது நிறையும்வரை செய்யக் கூடாது. கூரை வேலை, பள்ளம் தோண்டுதல், வட்ட ரம்பம், ஆணி அடிக்கும் துப்பாக்கி, கட்டடம் இடித்தல், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் அதில் வருகின்றன. வீடு கட்டும் வேலையிலிருந்து இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பெருக்குவதும் சுமப்பதும் பெயின்ட் அடிப்பதும்தான். அதைச் செய்துகொண்டு ஒரு கோடை விடுமுறையைக் கழித்த மாணவன் தச்சனாகிவிட மாட்டான்.

ஆகவே 17 ஆணைகளில் ஏழுக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்து படிக்கும் 16, 17 வயது மாணவர், எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில் அந்த ஏழு வகை வேலைகளைச் செய்யலாம். கூரையும் பள்ளமும் ரம்பமும் இந்த ஏழில் அடக்கம். இடிப்பு வேலைக்கும் கிரேன், ஃபோர்க்லிஃப்ட் போன்ற தூக்கும் இயந்திரங்களுக்கும் விலக்கு இல்லை. எவ்வளவு நல்ல பள்ளியானாலும், எவ்வளவு கெட்டிக்காரப் பையனானாலும் இவற்றை 18 வயதுக்கு முன் தொட முடியாது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை விதியே சொல்கிறது. அபாயமான வேலை, பயிற்சியின் ஒரு பகுதியாக மட்டும் இருக்க வேண்டும். அது விட்டு விட்டு, குறைந்த நேரமே நடக்க வேண்டும். தகுதியும் அனுபவமும் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பாடத்தைப் பள்ளி நடத்த, வேலை கொடுப்பவர் அதைத் தளத்துப் பயிற்சியோடு இணைக்க வேண்டும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று படிப்படியாக ஏறும் அட்டவணை ஒன்றையும் முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். நிறுவனமும் பள்ளி முதல்வரோ ஒருங்கிணைப்பாளரோ கையெழுத்திட்ட பிறகு இரு தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நிபந்தனைகளில் மிக முக்கியமானது ‘விட்டு விட்டு, குறைந்த நேரம்’ என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. காலை முதல் மாலை வரை ஒரே ரம்பத்தின் முன் நிற்கும் பையன் கற்றுக்கொள்வதை முதல் இரண்டு மணி நேரத்திலேயே கற்றுவிடுவான். அதற்குப் பிறகு நடப்பது உற்பத்தி. அடுத்தது அட்டவணை. நம்மூரில் சித்தாளாகச் சேர்ந்தவர் எப்போது கரண்டி பிடிப்பார் என்பது பெரும்பாலும் மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. பல வருடம் கலவை சுமந்தே வயதானவர்கள் உண்டு, பெண்களில் அநேகமாக எல்லோருமே அப்படித்தான். அடுத்த படி எப்போது என்பதைத் தாளில் எழுதி வைத்தால் கேட்பதற்கு ஓர் ஆதாரமாவது இருக்கும்.

தளத்துக்கு அனுப்பும் முன் பள்ளியில் என்ன நடக்கிறது? மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு மிகுதி. நன்றாக வேரூன்றிய ஏற்பாட்டுக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிகளைச் சொல்லலாம். அங்கே பல பள்ளிகளில் ஒரு வாரம் வகுப்பறை, மறு வாரம் பட்டறை. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர்கள் உடனே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்பதில்லை. தச்சு, பிளம்பிங், மின்பணி, உலோக வேலை என்று பல பட்டறைகளைச் சுற்றிவந்த பிறகே ஒன்றில் நிலைகொள்கிறார்கள். மேல் வகுப்புக்கு வந்ததும், தேர்ச்சி காட்டியவர்கள் தங்கள் பட்டறை வாரத்தில் வெளி நிறுவனத்துக்குப் போய் ஊதியத்துக்கு வேலை செய்யலாம். இதை அங்கே ‘கோ-ஆப்’ என்கிறார்கள். தச்சுப் பிரிவு மாணவர்கள் சேர்ந்து ஊருக்குள் ஒரு முழு வீட்டையே கட்டி முடிக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. முன்பு கல்லூரிக்குப் போகாதவர்களின் புகலிடமாகப் பார்க்கப்பட்ட இந்தப் பள்ளிகளில் இன்று இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம்.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, 1996-இல் தொடங்கப்பட்ட ‘என்சிசிஇஆர்’ என்ற கட்டுமானக் கல்வி அமைப்பின் பாடங்களைப் பல மாநிலப் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. எந்தத் தொழிலுக்குப் போகிறவரும் முதலில் முடிக்க வேண்டிய அடிப்படைப் பகுதி ஒன்று அதில் உண்டு: பாதுகாப்பு, கட்டுமானக் கணக்கு, கைக்கருவிகள், மின்கருவிகள், வரைபடம் படித்தல், பொருள்களைக் கையாளுதல். பின்னத்தைக் கண்டால் ஓடும் மாணவன் இங்கே தப்ப முடியாது. அங்கே அளவெல்லாம் அடி, அங்குலம், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு.

கூடவே ‘ஓஷா-10’ என்று ஓர் அட்டை. தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயரில் நடக்கும் பத்து மணி நேர வகுப்பு இது. ஒரே நாளில் முடிக்க விடமாட்டார்கள், குறைந்தது இரண்டு நாளாவது ஆகும். கட்டுமானத்தில் உயிர் குடிக்கும் நான்கு காரணங்கள், அதாவது விழுதல், பொருள் மோதுதல், மின்சாரம் தாக்குதல், இடுக்கில் சிக்குதல் ஆகியவைதான் இதன் மையம். ஆறடிக்கு மேல் வேலை என்றால் விழாமல் காக்கும் ஏற்பாடு கட்டாயம் என்பதை மாணவர் இங்கேதான் முதலில் கேட்கிறார். பல பள்ளிகள் இந்த அட்டையைப் பெரிய தகுதிச் சான்றிதழ்போல் விளம்பரப்படுத்துகின்றன. அது உரிமமும் அல்ல, திறனுக்கான சான்றும் அல்ல. அபாயம் எப்படியிருக்கும் என்று அறிமுகப்படுத்தும் வகுப்பில் உட்கார்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவே.

ஊதிய விஷயம் கொஞ்சம் சிக்கலானது. லாப நோக்குள்ள நிறுவனம் ஓர் இன்டர்னுக்குச் சம்பளம் தராமல் இருக்கலாமா என்பதைத் தீர்மானிக்க, 2018 முதல் தொழிலாளர் துறை ஏழு கேள்விகளைக் கொண்ட சோதனையைப் பயன்படுத்துகிறது. அதன் சாரம், இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்பது. மாணவர் ஊழியரின் இடத்தை நிரப்புகிறார் என்றால் சம்பளம் தர வேண்டும் என்ற பக்கமே தராசு சாயும். செங்கல் அடுக்கவும் கம்பி இழுக்கவும் வருபவர் விஷயத்தில் ‘வெறும் கற்றல்’ என்று வாதிடுவது கடினம், அதனால் கட்டுமானத்தில் சம்பளமுள்ள பயிற்சியே முறையானது. 1938-இன் சட்டத்தில் எதிர்த் திசையில் ஒரு சலுகையும் இருக்கிறது. தொழிற்கல்வி மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 75% கொடுத்தால் போதும் என்று நிறுவனம் தனிச் சான்றிதழ் வாங்கலாம். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமே 2009 முதல் மணிக்கு 7.25 டாலரில் அசையாமல் நிற்கும்போது அதிலும் கால் பங்கைக் குறைப்பது கஞ்சத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பயிற்சியின் உண்மையான மதிப்பு, அது அடுத்த படிக்கட்டோடு ஒட்டியிருக்கிறதா என்பதில் இருக்கிறது. அந்தப் படிக்கட்டு, 1937-இன் தேசியத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வரும் பதிவுபெற்ற பழகுநர் பயிற்சி. குறைந்தது 2,000 மணி நேரம் தளத்தில் வேலை, ஆண்டுக்கு 144 மணி நேரம் வகுப்பு என்பது பொது அளவு. மின்பணி போன்றவற்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். திறன் கூடக் கூடச் சம்பளமும் படிப்படியாகக் கூட வேண்டும் என்பது விதி. முன்பே கற்றுவந்த திறனுக்கு வரவு வைக்கவும் விதியில் இடமுண்டு. பள்ளியும் தொழிற்சங்கமும் ஒப்பந்தக்காரரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், மாணவர் பட்டறையில் கழித்த நேரம் இங்கே கணக்கில் சேரும். பேசவில்லை என்றால் பதினெட்டு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெற்றோர் பள்ளியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

கேட்கவே தயங்கிய காலமும் இருந்தது. தொழிற்கல்விக்குக் கூட்டாட்சிப் பணம் 1917-இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்திலேயே வரத் தொடங்கிவிட்டது. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் கறுப்பின மாணவர்களையும் பட்டறைப் பக்கம் ஒதுக்கி, கல்லூரிக் கதவை அடைக்கும் வேலையையும் பள்ளிகள் அதன் பெயரில் செய்தன. 1980-களுக்குப் பிறகு ‘எல்லோருக்கும் கல்லூரி’ என்ற முழக்கம் ஓங்கியதில் அந்த நியாயமான கோபத்துக்கும் பங்குண்டு. பட்டறைகள் பல மூடப்பட்டன. பின்னர் கல்லூரிக் கடனும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து காற்றைத் திருப்பின. 1984-இல் வந்த பெர்கின்ஸ் சட்டம் 2018-இல் புதுப்பிக்கப்பட்டபோது, தளத்தில் நடக்கும் பயிற்சிக்கு அதில் முக்கிய இடம் கிடைத்தது. பெண்கள் விஷயத்தில் மட்டும் காற்று இன்னும் திரும்பவில்லை. கட்டுமானத் துறை ஊழியர்களில் அவர்கள் சுமார் 11%. அவர்களில் பலர் அலுவலகத்தில் இருப்பவர்கள் என்பதால் கருவி பிடிப்பவர்களிடையே அந்த விகிதம் இன்னும் மிகக் குறைவு.

ஆள் பற்றாக்குறை விதிகளையும் தளர்த்தச் சொல்கிறது. ஆனால் அந்த விதிகள் எதற்காக என்பதை ஒரு மரணம் நினைவூட்டுகிறது. 2019-இல் அலபாமா மாநிலத்தின் கல்மன் நகரில், கூரை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே 15 வயதுச் சிறுவன் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தான். அவனுக்கு எந்த விலக்கும் பொருந்தாது, அவன் தளத்துக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. நிறுவனத்துக்கு அபராதம் விதித்த அறிவிப்பு 2024-இல்தான் வந்தது. அதே 2024-இல் புளோரிடா, 16, 17 வயதினரை வீடு கட்டும் தளங்களில் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. கூரை வேலையையும் சேர்த்திருந்த முதல் வரைவு விமர்சனங்களுக்குப் பின் திருத்தப்பட்டது. இறுதி வடிவத்தின்படி மாணவரிடம் ஓஷா-10 அட்டை இருக்க வேண்டும். மேற்பார்ப்பவர் 21 வயது நிறைந்தவராக, இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். ஆறடிக்கு மேல் சாரம், கூரை, ஏணி எதிலும் ஏறக் கூடாது. மாநிலம் இதற்கு மேல் தளர்த்த நினைத்தாலும் கூட்டாட்சியின் 17 ஆணைகள் அப்படியேதான் இருக்கும். இரண்டு சட்டங்கள் மோதினால் எது கடுமையோ அதுவே செல்லும்.