ஒரு கைப்பிடி மணல் போதும்... இன்ஜின் காலி!

குட்டீஸ்... பெல்ஜியம் நாட்டின் வடபகுதியில் லோமெல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பந்தயத் தடம். தார் ரோடு கிடையாது, சிமென்ட் கிடையாது. எங்கு பார்த்தாலும் மணல்தான். நடந்தாலே கால் புதையும். அந்த மணலில் மோட்டார் சைக்கிள்கள் சீறிப் பாய்கின்றன. மேட்டில் ஏறி, அந்தரத்தில் பறந்து, "தொப்" பென்று இறங்குகின்றன!

இந்த விளையாட்டுக்கு மோட்டோகிராஸ் என்று பெயர். 1924ம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் நடந்த போட்டியைத்தான் இதன் தொடக்கம் என்கின்றனர்.

பெரியவர்கள் மட்டும்தான் இதை ஓட்டுவர் என்று நினைக்காதீர்கள். 65 சி.சி., 85 சி.சி. வண்டிகளில், உங்கள் வயதுச் சிறுவர், சிறுமியரும் ஐரோப்பாவில் போட்டியிடுகின்றனர். அந்த வண்டிகளில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின்.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். முதலாவதாகப் போய்க் கொண்டிருந்த வண்டி ஒன்று, திடீரென்று நின்று விட்டது. ஓட்டியவர் தவறு செய்யவில்லை. டாங்க்கில் பெட்ரோலும் இருக்கிறது. பிறகு ஏன் நின்றது? முந்தின நாள் ஒரு சின்ன வேலையைச் செய்யாமல் விட்டு விட்டனர். அது என்ன வேலை? வாங்க, பார்க்கலாம்.

மூச்சோடு போகும் எண்ணெய்!

இன்றைய பைக்குகளில் பெரும்பாலானவை போர் ஸ்ட்ரோக் வகை. அவற்றின் அடியில் இன்ஜின் ஆயில் தனியாக இருக்கும். அதுவே சுற்றிச் சுற்றி வந்து எல்லா பாகங்களையும் வழுவழுப்பாக வைக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் கதையே வேறு. பிஸ்டன் மேலே போகும்போது, அதன் தலைக்கு மேல் உள்ள பெட்ரோல் காற்றுக் கலவை அமுக்கப்படுகிறது. அதே நேரத்தில், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் புதுக் கலவை உறிஞ்சப்படுகிறது. பிளக் பொறி வைத்ததும் மேலே வெடிக்கிறது. பிஸ்டன் கீழே வருகிறது. புகை வெளியே போகிறது. கீழே காத்திருந்த புதுக் கலவை பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று... இரண்டே ஓட்டத்தில் வேலை முடிந்தது! கிராங்க் அறையை இப்படிப் பயன்படுத்தும் யோசனை, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவருடையது. 1891ல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கவனித்தீர்களா? வெளிக்காற்று முதலில் நுழைவதே கிராங்க் அறைக்குள்தான். அங்கே தனியாக ஆயில் தேக்கி வைக்க முடியாது. அதனால், பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றி விடுகின்றனர். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பழைய டி.வி.எஸ்., 50 வண்டிக்கு, பெட்ரோல் பங்க்கில் ஆயிலும் சேர்த்துதான் ஊற்றுவார்கள்.

நல்ல மூச்சோடு எண்ணெய் போகிறது, சரி... மூச்சோடு மணலும் போனால்?

குளிக்கும் பில்டர்!

125 சி.சி. இன்ஜினின் கொள்ளளவு, அரை டம்ளர் தண்ணீர் அளவுதான். ஆனால், அது நிமிடத்துக்கு 11 ஆயிரம் சுற்று வரை சுற்றும். அதாவது, ஒரு வினாடியில் பிஸ்டன் 180 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது! இந்த வேகத்தில் மணல் உள்ளே போனால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாமே தேய்ந்து விடும்.

மணலைத் தடுக்கும் காவல்காரர், ஏர் பில்டர். மோட்டோகிராஸ் வண்டியில் இது மெத்து மெத்தென்ற நுரைப்பஞ்சால் ஆனது. அதில் பிசுபிசுப்பான பில்டர் ஆயில் தடவியிருப்பர். காற்று உள்ளே போகும்; தூசி ஒட்டிக் கொள்ளும்.

மணல் தடத்தில் ஓட்டி விட்டு வந்தால், ஒவ்வொரு முறையும் இந்த பில்டரைக் கழற்ற வேண்டும். அதற்குரிய திரவத்தில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைக்க வேண்டும். துணி பிழிவது போல முறுக்கக் கூடாது. பஞ்சு கிழிந்து விடும். உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் போதும். காய்ந்ததும் புதிதாக ஆயில் தடவி, விளிம்பில் கிரீஸ் பூசி மாட்ட வேண்டும். அதுவரை இன்ஜினுக்குள் காற்று போகும் வாயைச் சுத்தமான துணியால் மூடி வைப்பர்.

இதுதான் அந்தச் சின்ன வேலை!

கணக்குப் பாடம் உதவும்!

அடுத்தது, பெட்ரோல் கலவை. எவ்வளவு ஆயில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரு வண்டிக்கு 30:1 என்று கையேட்டில் இருக்கிறது என வைத்துக் கொள்வோம். 30 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். அப்படியானால், 3 லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு? மனக்கணக்காகப் போடுங்கள்... 100 மி.லி., சரிதானே!

ஆயில் அதிகமானால் புகை கக்கும். பிளக்கில் கரி படியும். குறைந்தால் ஆபத்து. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து, சிலிண்டர் சுவரைக் கவ்விக் கொள்ளும். மெக்கானிக்குகள் இதை, "இன்ஜின் சீஸ் ஆகி விட்டது" என்பர். பின் சக்கரமும் சேர்ந்து நின்று விடுவதால், ஓட்டுபவர் கீழே விழ நேரிடும். உடனே கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும். அதனால்தான், அனுபவசாலிகள் ஒரு விரலை எப்போதும் கிளட்ச் மீது வைத்திருப்பர்.

வண்டியைக் கிளப்பியவுடன் முறுக்கினாலும் இதே ஆபத்து உண்டு. முதலில் இன்ஜின் மெல்லச் சூடாக வேண்டும்.

நாக்கை நீட்டு!

ஜுரம் என்று போனால் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார் அல்லவா? மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால், இன்ஜின் நலம். கறுத்து ஈரமாக இருந்தால், பெட்ரோலோ, ஆயிலோ அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால், சூடு அதிகம். உடனே கவனிக்க வேண்டும்.

கிக்கரை உதைக்கும்போது வழக்கத்தை விட லேசாக இறங்கினால், கம்ப்ரஷன் குறைந்து விட்டது என்று பொருள். ரிங் தேய்ந்திருக்கலாம்.

இந்த வண்டிகளின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிட மாட்டார்கள். ஓடிய மணி நேரத்தில் கணக்கிடுவர். சில வண்டிகளில் சில பத்து மணி நேரம் ஓடியதுமே பிஸ்டனை மாற்றி விடுகின்றனர். அப்போது சிலிண்டரைத் தூக்கியதும், கீழே திறந்திருக்கும் கிராங்க் அறையின் வாயில் முதலில் துணியை அடைப்பர். ஏன் தெரியுமா? பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சிறிய கம்பி வளையம் துள்ளி உள்ளே விழுந்தால், இன்ஜின் முழுவதையும் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்! பழைய வளையத்தை மறுபடி போட மாட்டார்கள், புதியதுதான். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி, புகை போகும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

ஜெயித்தவர் கதை

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஸ்டீபன் எவர்ட்ஸ், 1991ல், 125 சி.சி. பிரிவில் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. ஓட்டியது டூ ஸ்ட்ரோக் வண்டி. 2006க்குள் மொத்தம் 10 உலகப் பட்டங்களை வென்றார். இப்படிப்பட்ட வீரர்களைக் கோப்பையோடு பார்க்கிறோம். அவர்களுக்குப் பின்னால் நின்று, கையெல்லாம் கிரீசுடன் பில்டர் கழுவிய மெக்கானிக்கை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால், அவர் ஒரு நாள் சோம்பேறித்தனம் செய்திருந்தால், கோப்பை இல்லை!

நீங்களும் மெக்கானிக்தான்!

பெட்ரோல் சட்டென்று தீப்பிடிக்கும். எனவே, இந்த வேலைகளைப் பெரியவர்கள் செய்யும்போது, தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள். ஆனால், உங்களிடம் சைக்கிள் இருக்கிறதே!

இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்து நிறுத்துங்கள். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி, "டிங்" என்று பாடும். தளர்ந்தது, "டொக்" என்று சொல்லும். மோட்டோகிராஸ் வண்டியின் சக்கரத்தையும் இப்படித்தான் சோதிக்கின்றனர். பிறகு, செயினில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, துளி எண்ணெய் விடுங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது, உங்கள் சைக்கிள் சத்தம் போடாமல் ஓடும். அதைக் கேட்டு நீங்களே சிரிப்பீர்கள், பாருங்களேன்!