பாசி விழுங்கும் காடு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவுக்குத் தெற்கே கறுப்பு ஸ்புரூஸ் மரக்காடு கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. கடுந்தீ கண்டு நூறாண்டு ஆன இடங்களில் மரங்கள் நெடுநெடுவென்று அடர்ந்து நிற்கின்றன. இருநூறு முந்நூறு ஆண்டாகத் தீயே படாத இடங்களிலோ அவை குட்டையாக, இடம்விட்டு, மெலிந்து நிற்கின்றன. வயது ஏற ஏறக் காடு செழிக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே நேர்மாறாக நடக்கிறது. காரணம் காலடியில் இருக்கிறது.

தரை முழுக்கப் பாசி. மிதித்தால் கால் புதைகிறது. அதில் முக்கியமானது ஸ்பேக்னம். இதற்கு வேர் கிடையாது. நுனி மேலே வளர்ந்துகொண்டே போகும், அடிப்பகுதி மடிந்துகொண்டே வரும். இதன் இலையை நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய பச்சைச் செல்களுக்கு நடுவே துளைகள் கொண்ட பெரிய, வெறுமையான செல்கள் தெரியும். அவை உயிரற்றவை. தண்ணீரைப் பிடித்துவைப்பதற்கென்றே இருப்பவை. காய்ந்த பாசி தன் எடையைப்போல் 15, 20 மடங்கு நீரைக்கூட உறிஞ்சிக்கொள்ளும். இம்மண்ணின் பூர்வகுடிகளான கிரீ மக்கள் இதை உலர்த்திக் குழந்தைகளுக்கு அணையாடையாக வைத்தார்கள். முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போடவும் இது பயன்பட்டது.

ஸ்பேக்னம் நீரைத் தேக்குவதோடு அமிலத்தன்மையையும் கூட்டுகிறது. குளிரும் அமிலமும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேர்ந்தால், மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். மக்காத தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்து பீட் மண்ணாகின்றன. அது தடிக்கத் தடிக்க மர வேர்களுக்கு அடிமண்ணின் சத்து எட்டாமல் போகிறது. ஸ்புரூஸும் லேசில் விடுவதில்லை: தண்டிலிருந்து மேல்மட்டத்தில் புது வேர்களை விடுகிறது, பாசியில் புதைந்த கீழ்க்கிளைகள் வேர்பிடித்துத் தனி மரங்களாக எழுகின்றன. ஆனாலும் வளர்ச்சி என்னவோ சுருங்கித்தான் போகிறது.

பாசிக்கு வாய்ப்பான தரையை இங்கே பனியுகம்தான் விட்டுச்சென்றது. உருகிய பனிப்பாறையின் நீர் தேங்கி ஒஜிப்வே என்ற பேரேரி உருவாகியிருந்தது. 8,000 ஆண்டுகளுக்குச் சற்று முன்பு அது ஹட்சன் விரிகுடாப் பக்கம் வடிந்துபோயிற்று. அடியில் படிந்திருந்த, நீர் எளிதில் இறங்காத சமதளக் களிமண் வெளிப்பட்டது.

அதன்பின் நடந்ததையெல்லாம் பீட் மண்ணே பதிந்துவைத்திருக்கிறது. அதைப் படிக்க ஆய்வாளர்கள் அரை உருளை வடிவக் குழாய் பொருத்திய கம்பியைக் கையால் அழுத்தி இறக்குவார்கள். வேண்டிய ஆழத்தில் அரைவட்டம் திருப்பி மேலே இழுத்தால், நீளவாக்கில் ஒரு மண்துண்டு கலையாமல் வரும். வெளிர்பழுப்பாக வரும் மண், காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். பொதுவாக அடியில் சாம்பல்நிறக் களி, அதன்மேல் கரித்துகள், பிறகு மரத்துண்டும் ஸ்புரூஸ் ஊசியிலையும் கலந்த பீட், மேலே ஸ்பேக்னம் என்று வரிசை இருக்கும். கருகிய ஊசியிலை கிடைத்தால் தீ அந்த இடத்திலேயே எரிந்தது என்று பொருள். ஓடுள்ள அமீபாக்களின் வகையைப் பார்த்து அன்றைய ஈரத்தைக் கணிக்கலாம். மகரந்தத்தை எண்ணிப் பழங்காலக் காட்டைச் சொல்லும் முறையை 1916-இல் சுவீடன் நாட்டு நிலவியலாளர் லெனார்ட் வான் போஸ்ட் முன்வைத்தார். 1949-இல் வில்லார்ட் லிபி தந்த கதிரியக்கக் கார்பன் முறை, அடுக்குகளுக்கு வயது சொன்னது. நம் நீலகிரிச் சதுப்புகளின் பீட் மண்ணிலிருந்தும் சுமார் 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றை ஆர். சுகுமார் குழுவினர் 1993-இல் படித்துச் சொன்னார்கள்.

இந்தப் பதிவேடு காட்டும் முக்கியமான உண்மை, ஸ்புரூஸ் காட்டைக் காப்பாற்றி வந்தது தீ என்பதுதான். பிசின் ஒட்டி மூடிய கூம்புகள் வெப்பத்தில் விரிந்து விதை சொரியும். கடுந்தீ பாசியைக் களிமண்வரை எரித்தால், அங்கே விழும் விதை செழித்து எழும். மேலோட்டமாக எரிந்தால் பாசி தப்பிவிடும். அடுத்த தலைமுறை மரங்கள் தொடக்கத்திலேயே நலிந்திருக்கும். 1850-க்குப் பிறகு அப்பகுதியில் தீ வெகுவாகக் குறைந்தது. பாசி முந்திக்கொண்டது.

மரம் வெட்டுவோரும் அறியாமல் பாசிக்கு உதவினார்கள். மண் கெடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், தரை உறைந்த குளிர்காலத்தில் இயந்திரங்களை இறக்கினார்கள். பாசி அப்படியே தங்கியது. மரம் போனதும் நீரை உறிஞ்ச ஆளில்லை. நீர்மட்டம் ஏறி ஸ்பேக்னம் மேலும் பரவியது. ஈவ் பெர்ஜரான், நிக்கோல் ஃபென்டன் முதலிய அபிட்டிபி-தெமிஸ்காமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் களத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பாசியை அழிக்க வேண்டியதுதானா? அவசரப்படக் கூடாது. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் வெறும் 3 விழுக்காடு; மண்ணிலுள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றில் இருக்கிறது. பீட் எரிந்தால் அது காற்றில் கலந்துவிடும். 2023-இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. பீட்டில் பற்றிய நெருப்பு பனிக்கு அடியில் குளிர்காலம் முழுவதும் கனன்று, வசந்தத்தில் மறுபடி எழவும் கூடும். ஆயிரம் ஆண்டுகளில் சில பத்து சென்டிமீட்டர்தான் சேரும் மண் அது.

பாசி மெலிதாக உள்ள இடத்தில், வெட்டியபின் தரையைக் கிளறிக் களிமண்ணை வெளிக்கொணர்ந்து காட்டை மீட்கலாம். பீட் ஆழமாகச் சேர்ந்துவிட்ட இடத்தில் மரத்துக்காக இயந்திரத்தை இறக்கவே கூடாது. அந்த நிலம் இனி பாசிக்குத்தான் உரியது.