வெப்பமுறும் கடலும் புண் பேணும் தாதியரும்

மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்த வள்ளுவர், நோயாளியின் அருகிருந்து பணிபுரிவோனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மருத்துவன் கருதவேண்டியவற்றைச் சொல்லுமிடத்தும் நோயாளியையும் நோயையும் கூறி அமையாது, காலத்தையுஞ் சேர்த்துக் கூறினார். மேனாட்டிலே தாதியர் தொழிலைச் சீர்செய்த புளோரன்சு நைற்றிங்கேல் அம்மையாரும், 1859ஆம் ஆண்டில் தாதியர் பணிபற்றி எழுதிய நூலின் முதலியலைக் காற்றோட்டத்துக்கும் வெப்பத்துக்குமே உரியதாக்கினார். நோயாளியைச் சூழ்ந்துள்ளவற்றை அறிதலும் தாதியின் கடனே என்பது இதனாற் பெறப்படும். அச்சூழலே மாறிவருமாயின் அவள் கடன் எவ்வாறு விரியும் என்பதை ஒரு நோயைக்கொண்டு ஈண்டு நோக்குவாம்.

வைபிரியோ வல்னிபிக்கசு என்பது கடலில் இயல்பாக வாழும் ஒரு பற்றீரியா. வாந்திபேதிக் கிருமிக்கு இனமானது. வல்னிபிக்கசு என்னும் இலத்தீன் சொல்லுக்குப் புண் செய்வது என்பது பொருள். பெயரிட்டோர் பொருத்தமறிந்தே இட்டனர். ஆற்றுநீர் கலந்து உவர்ப்புக் குறைந்த கழிமுகங்களிலும் இளஞ்சூடான நீரிலும் இது செழித்துப் பெருகும், குளிர்நீரிற் பெருகாது. வேகாத சிப்பியை உண்போரையும் இது பற்றுமெனினும், ஈண்டு வேண்டப்படுவது புண்வழியாகப் புகும் நோயே.

காலிலே சிறு கீறலுடன் ஒருவர் கழிமுகத்தில் இறங்குகிறார். பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளேயே கீறலைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் தோன்றுகின்றன. கீறலின் அளவுக்குச் சிறிதும் ஒவ்வாத கடுநோவும் உண்டாகிறது. பின்னர்த் தோல் கருநீலமாகி இரத்தக் கொப்புளங்கள் எழும். தோலின் கீழுள்ள தசை அழுகத் தொடங்கும். ஈரல் நோயாளர், நீரிழிவுடையோர், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர்க்கே ஆபத்து மிகுதி. நோயுற்றோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இறக்கின்றனர். அவருட் சிலர் ஓரிரு நாட்களிலேயே இறந்துபடுகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே இக்கிருமியாற் புண்ணிற் பிணியுற்றோர் 1988ஆம் ஆண்டில் ஏறக்குறைய 10 பேர். 2018ஆம் ஆண்டில் 80 பேர். முன்னர் யோர்சியா மாநிலத்துக்கு வடக்கே அரிதாயிருந்த நோய் பிலடெல்பியாவின் அகலக்கோடு வரை எட்டியுள்ளது. அதன் வடவெல்லை ஆண்டுதோறும் ஏறத்தாழ 48 கிலோமீற்றர் நகர்ந்துள்ளதெனக் கணித்துள்ளனர். உவர்ப்புக் குறைந்த போல்ரிக் கடலும் விரைந்து சூடேறி வருகின்றது. 2014ஆம் ஆண்டின் கடுங்கோடையில் சுவீடனிலும் பின்லாந்திலும் வைபிரியோ இனக் கிருமிகளால் 89 பேர் நோயுற்றனர். கடல் வெப்பமே முழுக்காரணம் என்று துணிதல் தகாது. கரையோரக் குடிப்பெருக்கமும், முதியோர் தொகை மிகுதலும், நோயைக் கண்டறியுந் திறன் வளர்ந்தமையும் எண்ணிக்கையை உயர்த்துவனவே. ஆயினும் எல்லை வடக்கே பெயர்ந்தமைக்கு நீரின் வெப்பத்தை விடுத்து வேறு காரணங் காட்டல் எளிதன்று.

புயல் வந்தால் கடலே வீட்டுக்குள் வருகின்றது. இடிபாடுகளுக்கிடையே அந்நீரில் நடப்போர் காயமுறாதிருத்தல் அரிது. 2005ஆம் ஆண்டிற் கத்ரீனாப் புயலின் பின் வைபிரியோ நோயுற்ற 22 பேரில் 18 பேர்க்குப் புண்வழியே நோய் புகுந்தது, ஐவர் இறந்தனர். ஈயன் புயல் புளோரிடாவைத் தாக்கிய 2022ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் வல்னிபிக்கசு நோயுற்றோர் 74 பேர், இறந்தோர் 17 பேர். புயலால் மின்சாரம் நின்று, வீதி மூடுண்டு, நீரிழிவுப் புண்ணுக்கு நாடோறும் மருந்து கட்டுவாரின்றி நோயாளர் படும் இன்னல் இக்கணக்கினுள் அடங்காது.

இந்நிலையிற் தாதியின் முதற்கருவி வினாவேயாம். வைத்தியரினும் முன்னர்ப் புண்ணைக் காண்பவள் பெரும்பாலும் அவளே. புண் எப்பொழுது, எந்த நீரிற் பட்டது, ஈரல் நோய் உண்டா என மூன்றையும் அவள் கேளாளாயின் வேறெவரும் கேளாது விடுதல் கூடும். தென்கரைத் தாதியர்க்கு இது பழகிய வினா. வடகரையில் முப்பதாண்டு பணிசெய்த ஒருத்திக்கோ இந்நோயைக் கண்ட அனுபவமே இராது. அவளுடைய தேர்ச்சியே அவளை ஏமாற்றக்கூடும். ஆதலின் அங்குள்ள பயிற்சிக் கூடங்களிலேதான் இப்பாடம் முதலிற் புகுதல் வேண்டும் என்பது என் கருத்து.

ஐயம் எழுந்தவுடன் வைத்தியரை அழைத்தல் வேண்டும். சோதனை முடிவுக்குக் காத்திராது டொக்சிசைக்கிளினையும் செப்ரசிடீமையும் சேர்த்துக் கொடுப்பர். அழுகிய தசையைச் சத்திரசிகிச்சையால் விரைந்து அகற்றுவர். புண்ணின் நீரையும் இரத்தத்தையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கால் வைபிரியோ ஐயமென்று சீட்டில் எழுதுதல் வேண்டும். இக்கிருமியைப் பிரித்தறியத் தனி வளர்ப்பூடகம் உண்டு. கட்டினாற் புண்ணை மூடிவைத்து மறுநாள் காலையிற் பார்ப்போம் என்றிருத்தல் இங்கே பொருந்தாது. சிவப்பின் ஓரத்தைத் தோலின்மீது மையினாற் கோடிட்டு, அருகே நேரத்தையும் எழுதிவைத்து, சற்று நேரத்திற்கொருமுறை வந்து, அக்கோட்டை நோய் கடந்துள்ளதா என்று தாதி நோக்குதல் வேண்டும்.