உலகம் கைகழுவிய பாயிண்ட் 32... இந்தியாவில் மட்டும் ஏன் இன்னும் ஓடுகிறது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைத்துப்பாக்கி என்றால் இன்று பெரும்பாலும் 9 எம்.எம். தான். போலீஸ், ராணுவம், பொதுமக்கள் என எல்லோர் கையிலும் அதே தோட்டா. ஆனால், இந்தியாவில் தற்காப்புக்காக லைசென்ஸ் வாங்கும் ஒருவர் கைத்துப்பாக்கி கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது பாயிண்ட் 32. மற்ற நாடுகளில் இதைத் தற்காப்புக்கு நம்புகிறவர்கள் குறைவு.

விலையோ லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பணம் போட்டு வாங்க இந்தத் தோட்டா தகுதியானதுதானா? அல்லது வேறு வழியில்லாமல் வாங்குகிறோமா?

முதலில், பாயிண்ட் 32 என்றால் என்ன?

தோட்டாவின் குறுக்களவு ஏறத்தாழ 0.32 அங்குலம். அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். இதில் இரண்டு வகை உண்டு. ரிவால்வரில் போடுவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். பிஸ்டலில் போடுவது ஏ.சி.பி. பெயரில் இரண்டும் 32 என்றாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது.

இரண்டுமே 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவை. ரிவால்வர் தோட்டா 1896-ல் வந்தது. அந்தக் காலத்தில் நியூயார்க் போலீஸே பாயிண்ட் 32 ரிவால்வரைத்தான் இடுப்பில் செருகியிருந்தது. பிறகு அமெரிக்கப் போலீஸ் பாயிண்ட் 38-க்கு மாறியது, அங்கிருந்து 9 எம்.எம்-க்கு வந்தது. பாயிண்ட் 32 பின்னுக்குப் போய்விட்டது.

அப்படியானால் இந்தியாவில் மட்டும் ஏன்?

காரணம் தோட்டாவின் திறமை அல்ல, சட்டம்.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் துப்பாக்கிகளைப் பல பிரிவுகளாகப் பிரிக்கின்றன. இதில் அரசின் கணக்கு ரொம்ப எளிமை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது. அப்படிப் பொருந்தினால், அரசுக் கிடங்கிலிருந்து திருடுபோகும் தோட்டாவுக்கு வெளியே உடனே சந்தை கிடைத்துவிடும்.

அதனால்தான் 9 எம்.எம்., பாயிண்ட் 38 ரிவால்வர்கள், பழைய பாயிண்ட் 455 ஆகியவை தடை செய்யப்பட்ட ரகத்தில் போயின. அவற்றுக்கு உள்ளூர் அதிகாரி லைசென்ஸ் தர முடியாது. டெல்லி வரை போக வேண்டும், கிடைப்பதும் அபூர்வம். மிச்சம் இருந்தவற்றில் தற்காப்புக்கு ஓரளவு உதவக்கூடியதும் உள்நாட்டிலேயே கிடைப்பதும் பாயிண்ட் 32 தான்.

1980-களின் நடுவில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனது. அதன்பின் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை போன்ற அரசு ஆலைகளே நீண்ட காலம் இந்தச் சந்தையைக் கையில் வைத்திருந்தன. அங்கே தயாராகும் ரிவால்வரின் வடிவமே பிரிட்டிஷ் கால வெப்லியை ஒட்டியதுதான். 2014-ல் பெண்களுக்கென்று சொல்லி அறிமுகமான அரை கிலோ எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வரும் பாயிண்ட் 32. அப்போது அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வரும் அதே தோட்டாதான்.

சக்தி எவ்வளவு குறைவு?

குறுக்களவில் 9 எம்.எம்-க்கும் இதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால், வேகத்தில் பெரிய இடைவெளி உண்டு. 9 எம்.எம். தோட்டா நொடிக்கு சுமார் 350 மீட்டர் வேகத்தில் பாயும். பாயிண்ட் 32 ரிவால்வர் தோட்டா 230 மீட்டரை ஒட்டியே போகும். எடையும் கொஞ்சம் குறைவு. வேகம் குறைந்தால் ஆற்றல் அதைவிட அதிகமாகச் சரியும். கணக்குப் போட்டால் 9 எம்.எம்-இன் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இதில் தேறும்.

ஆனால், ஆற்றல் மட்டுமே எல்லாம் அல்ல. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1986-ல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அதன் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். பழி 9 எம்.எம். மேல் விழுந்தது. உடனே 10 எம்.எம்-க்குத் தாவினார்கள். அதன் உதைப்பு பலருக்கு ஒத்துவரவில்லை. பிறகு பாயிண்ட் 40. கடைசியில் 2010-களில் மறுபடியும் 9 எம்.எம்-க்கே திரும்பினார்கள். நவீன 9 எம்.எம். தோட்டா போதுமான ஆழம் போகிறது. உதைப்பு குறைவதால் குறியும் தவறுவதில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அதாவது, குறி தவறும் பெரிய தோட்டாவைவிட, குறியில் படும் சின்னத் தோட்டா மேல்.

இந்தப் பாடம் பாயிண்ட் 32-க்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். உதைப்பு மிகக் குறைவு என்பதால் புதியவர்களும் பயப்படாமல் சுடலாம். துல்லியத்தில் இதை லேசாக நினைக்க வேண்டாம். சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் பல வீரர்களின் கையில் இருப்பது பாயிண்ட் 32 தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

பொருந்தாத பாதி, பயிற்சி. விளையாட்டு வீரர் தினமும் சுடுகிறார். தற்காப்புக்கு வாங்கியவர் எத்தனை முறை சுட்டுப் பார்த்திருப்பார்? தோட்டா விலை அதிகம், வாங்கும் எண்ணிக்கைக்கும் லைசென்ஸில் வரம்பு உண்டு, பயிற்சி மைதானங்களும் எல்லா ஊரிலும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து பீரோவிலேயே தூங்கும் துப்பாக்கிகள்தான் அதிகம். சக்தி குறைந்த தோட்டாவுக்கு குறி இன்னும் முக்கியம். ஆனால், குறி பழக இங்கே வசதிதான் குறைவு.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

* இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அரசு தரும் அனுமதி. உயிருக்கு ஆபத்து இருப்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணையும் உண்டு.
* 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் கூடியது.
* கல்யாணத்தில், ஊர்வலத்தில் கெத்துக்கு வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.
* தேர்தல் வந்தால் பெரும்பாலானோர் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் அது உங்கள் கையில் இருக்காது.
* வீட்டில் குழந்தை இருந்தாலோ, மன உளைச்சலில் ஒருவர் இருந்தாலோ, பூட்டாத துப்பாக்கியால் வரும் ஆபத்து திருடனால் வருவதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் பாயிண்ட் 32 'சின்னத் தோட்டா' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உயிரை எடுக்க அது தாராளமாகப் போதும்.

ஆக, பயன் உண்டா, இல்லையா?

இலக்கைச் சுடும் விளையாட்டுக்கு என்றால், சந்தேகமே வேண்டாம், பாயிண்ட் 32 இன்றும் முதல் தரம். தற்காப்புக்கு என்றால், சட்டம் விட்டுவைத்த தோட்டாக்களில் இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும். 9 எம்.எம்-க்கு நிகர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உருப்படாது என்று ஒதுக்குவதும் சரியல்ல.

லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருப்பவர், அதில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் நல்ல பூட்டுப்பெட்டிக்கும் ஒதுக்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும். முடியாது என்றால், தோட்டா எந்த அளவாக இருந்தாலும் அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வராமல் இருப்பதே பாதுகாப்பு.